தண்டவாளம் பெயர்த்த பிறகு நடந்தவர்கள்

ராயக்கோட்டையின் மலைக்கோட்டை இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில், மேஜர் கௌடி தலைமையில் வந்த கம்பெனிப் படை அதைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. யார் முற்றுகையிட்டார்கள், யார் கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

அதே ஊருக்கு 1913இல் ஒரு ரயில் வந்தது, 1941இல் போய்விட்டது. இப்போது சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் அகலப் பாதையை நான் சொல்லவில்லை. அது பிற்காலத்தது. நான் சொல்வது மொரப்பூரிலிருந்து தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை போட்டிருந்த குறுகிய பாதையை. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். அந்தப் பாதையின் ராயக்கோட்டை நிலையம் 28 ஆண்டுகள் வாழ்ந்தது. கோட்டைக்கு இருக்கும் வரலாற்று மரியாதை அதற்கு இல்லை. ரயில் ஆர்வலர்கள் அதை எழுதும்போதும் பாதையின் அகலம், நீளம், திறந்த நாள், மூடிய ஆண்டு ஆகியவற்றோடு முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வேறொரு கேள்வி. ஒரு ரயில் நிலையம் மூடப்படும்போது அதன் வேலையை யார் தலையில் ஏற்றுகிறோம்? இந்தக் கேள்வியோடு பார்த்தால் ராயக்கோட்டையின் கதை தண்டவாளத்தில் தொடங்கவில்லை. பஞ்சத்தில் தொடங்குகிறது.

பஞ்சம் போட்ட பாதை

தாது வருடப் பஞ்சம் என்று நம் பக்கத்துக் கிழவிகள் சொல்வது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சத்தை. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் இருந்தன. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 19.67 இலட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் 16 இலட்சம் பேர். பத்து ஆண்டுகளில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துபோனார்கள். செத்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள், பிறக்காமலே போனவர்கள் மூவரும் அந்த எண்ணில் அடக்கம்.

ரயில் இல்லாததால் வந்த சாவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. மொரப்பூர் வழியாகவும் திருப்பத்தூர் வழியாகவும் செல்லும் சென்னை ரயில்வேயின் பெரிய பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பஞ்சத்தில் அந்தப் பாதையில் தானியம் ஓடியது. விலை எங்கே அதிகமோ அங்கே ஓடியது. நிலையத்தில் மூட்டை இருந்தது. அதை வாங்கக் கூலி இல்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாமை மட்டுமல்ல, உணவைப் பெறும் வழி அறுந்துபோவது என்று அமர்த்திய சென் 1981இல் எழுதியதை விளக்க, நம் மாவட்டத்தின் இந்த நிலையங்களே போதும்.

கூலி எவ்வளவு? பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் ஓர் அளவு வகுத்தார். நாள் முழுவதும் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதோடு ஓர் அணா. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் அளவு ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால் ‘உழைக்கிற உடம்பு’ என்று பேசியவர்களின் கணக்கில் பால் கொடுக்கிற உடம்பும் சூலுற்ற உடம்பும் தனியே எங்கே வந்தன? பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்ததற்கு அவள் குறைவாக உண்பாள் என்பதே காரணம். அந்தக் குறைந்த பங்கிலிருந்துதான் அவள் பிள்ளைக்கும் பிய்த்துக் கொடுத்திருப்பாள்.

பஞ்சம் ஓய்ந்த 1878 டிசம்பரில், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவருடைய பிறந்த வீடு நினைவில்லம் ஆகியிருக்கிறது. அதே ஆண்டில் மாகாணம் முழுவதும் பிறப்புகள் பெருமளவு குறைந்திருந்தன. பட்டினி கிடந்த உடம்பு கருத்தரிப்பதில்லை. ஒரு பெரிய மனிதரின் பிறந்த ஆண்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்த ஆண்டில் தூரம் நின்றுபோன பெண்களின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பஞ்சத்தில் பெண்களைவிட ஆண்கள் அதிகமாகச் செத்தார்கள் என்று மக்கள்தொகை வரலாற்றாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெண்ணுக்குப் பஞ்சம் எளிதாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. செத்தவர்களின் வீட்டை நடத்தியவர்கள் அவர்கள். பஞ்சத்துக்குப் பிறகான வாழ்க்கை முழுவதும் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டது.

1880இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. இலாபம் தராவிட்டாலும் பஞ்சப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுசேர்க்கும் ‘காப்புப் பாதைகள்’ வேண்டும் என்றது. அந்தக் கொள்கையின் பிள்ளைகள்தாம் நம் ஊர்ப் பாதைகள். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு, 1913இல் தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு. பாராமகாலின் சமவெளியிலிருந்து பாலாகாட்டின் மேட்டுக்கு ஏறும் இடத்தில் இருக்கிறது ராயக்கோட்டை. குறுகிய பாதை போட்டால் வளைவிலும் ஏற்றத்திலும் செலவு மிச்சம். ஏழைகளுக்கான பாதையை மலிவாகப் போட்டார்கள். பஞ்சம் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இந்த ஊருக்கு அது வந்து சேர்ந்தது.

ஐம்பது மைல்

அந்த ரயிலில் பெண் எங்கே உட்கார்ந்தாள்? இதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 64ஆம் பிரிவு: 1891 ஜனவரி முதல் நாளிலிருந்து, பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் மிகத் தாழ்ந்த வகுப்பில் குறைந்தது ஓர் அறையைப் பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும். வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுவதாக இருந்தால் அந்த அறையில் கழிப்பிடம் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வாக்கியங்களை நான் பலமுறை வகுப்பில் படித்துக்காட்டியிருக்கிறேன். முதலாவது, மேல்வகுப்பு அல்ல, தாழ்ந்த வகுப்பு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கூலிக்காரப் பெண்ணும் தனியே பயணம் செய்வாள் என்பதை 1890இல் ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. அது பெண்ணின் மானத்தைக் காக்கிற ஆண்களின் கவலையிலிருந்து வந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கதவு திறந்தது. ஆண் துணை இல்லாமல் பெண் ஏறி உட்காரச் சட்டப்படி ஓர் இடம் கிடைத்தது.

இரண்டாவது, ஐம்பது மைல் என்ற அளவு. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 20 மைலுக்கும் குறைவு. அந்தப் பாதை தருமபுரியோடு நின்றிருந்த 1906 முதல் 1913 வரை, பெண்களுக்கு அறை உண்டு, கழிப்பிடம் கட்டாயமில்லை. பாதை ஓசூர் வரை நீண்டபோது மொத்த தூரம் 70 மைலைத் தாண்டியது. முழுத் தூரமும் ஓடும் வண்டியில் கழிப்பிடம் சட்டப்படி கட்டாயம். அதுவரை அந்த உடம்பு அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெண்ணின் உடம்பைச் சட்டம் மைலில் அளந்தது. மாதவிலக்கு நாளில் இருப்பவளுக்கும் நிறைமாதக்காரிக்கும் ஐம்பது மைல் என்பது எவ்வளவு நேரம் என்று அளந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நூறாண்டுக்குப் பின் 1989இல் வந்த புதிய ரயில்வே சட்டம், பெண்களுக்கு எத்தனை இடம் என்பதை நிர்வாகம் தனக்குச் சரியென்று பட்டபடி ஒதுக்கலாம் என்கிறது. ஓர் அறையாவது கட்டாயம் என்று பழைய சட்டம் சொன்னதை, ‘சரியென்று பட்டபடி’ என்று புதியது இளக்கிவிட்டது. விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் எல்லா இடத்திலும் முன்னேதான் போயிருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

கணக்கில் வராத சுமை

சேலம் மாவட்டத்தைப் பற்றி லெ ஃபானு 1883இல் எழுதிய கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட விவரச்சுவடியும் தடித்த நூல்கள். மழையளவு, மலைகள், கோட்டைகள், சந்தைகள், சாதிகள், வரி என்று எல்லாம் இருக்கும். பெண்கள் எங்கே வருவார்கள் என்றால் கணக்கெடுப்புக் கட்டங்களிலும், சாதிவாரியான திருமண வழக்கங்களிலும். சாலையும் ரயிலும் பேசப்படும் பக்கங்களில் அவர்கள் இல்லை. அங்கே இருப்பது சரக்கு.

தமிழில் தேடினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகள் இருக்கின்றன. புலவர் செ. இராசு அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார். ரயிலைப் பற்றிய சிந்துகளும் பாட்டுகளும் சந்தையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற மலிவுப் பதிப்புகளில் வந்தன. இந்த முச்சந்தி இலக்கியத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்திருக்கிறார். கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவம். ஆனால் அச்சில் வந்த கும்மிகளின் முகப்பில் ஆசிரியர் பெயராக நாம் பெரும்பாலும் காண்பது ஆண்களின் பெயரே. வடிவம் பெண்களுடையது, பெயர் ஆண்களுடையது. நாற்று நடும்போதும் களையெடுக்கும்போதும் பெண்கள் பாடியது அச்சுக்கு வராமல் வயலிலேயே கரைந்தது.

எனவே ஒரு சிறு பாதை ‘நஷ்டத்தில் ஓடுகிறது’ என்று எழுதப்படும்போது நாம் நின்று யோசிக்க வேண்டும். ரயில்வே கணக்கில் வரவு என்பது சரக்குக் கட்டணமும் பயணச் சீட்டும். தலைச்சுமையாகக் கீரையும் மோரும் கொண்டுபோய் விற்றுவந்தவள் அந்த வண்டியில் போனால் மிச்சமாகும் அரை நாள் எந்த வரவிலும் ஏறாது. அவள் நடந்தால் அது எந்தச் செலவிலும் ஏறாது. பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லை என்று முன்பே முடிவு செய்துவிட்ட கணக்கில், கிராமத்து ரயில் எப்போதும் நஷ்டத்தில்தான் ஓடும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்முனைக்குத் தண்டவாளமும் பெட்டியும் என்ஜினும் தேவைப்பட்டன. இந்தியாவில் பல கிளைப்பாதைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். அவற்றின் இரும்பு மத்தியக் கிழக்குவரை போனது. மொரப்பூர்ப் பாதை 1941இல் மூடப்பட்டது. பஞ்சத்தில் சாகாமல் காக்க என்று போட்ட பாதை, போருக்காகப் போனது. உயிரைக் காப்பதற்கு இலாபக் கணக்கு பார்த்தவர்கள், உயிரை எடுப்பதற்கு அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

ராயக்கோட்டைக்கு மறுபடியும் ரயில் வந்தது 1960களில், சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதையாக. 1990களில் அது அகலப் பாதையாக மாறியது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு பெண் பூப்பெய்தி, மணமாகி, பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கும் காலம் அது. கிருஷ்ணகிரிக்கோ பாதை திரும்பவே இல்லை. 2004இல் மாவட்டத் தலைநகரான அந்த ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. மொரப்பூர்–தருமபுரிக்குப் புதிய அகலப் பாதை போட 2019இல்தான் அடிக்கல் நட்டார்கள்.

“தனியா எங்க போனீங்க?”

என் மாணவிகளில் பலர் தங்கள் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும், வெளியே தமிழும் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பேன். வீட்டில் இருக்கும் மூத்த பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும்: “முதன்முதல்ல தனியா எங்க போனீங்க?”

பெரும்பாலான பாட்டிகளுக்குக் கேள்வியே புரிவதில்லை. “தனியாவா? எதுக்கு?” என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு பாட்டி, “சாவு வீட்டுக்குப் போனதத் தவிர நான் எங்கம்மா போனேன், அதுவும் கூட்டத்தோடதான்” என்றாராம். பிரசவத்துக்குத் தாய்வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரி, பிறகு பெங்களூரில் கட்டட வேலை. அவர்கள் போன இடங்களின் பட்டியல் பெரும்பாலும் இவ்வளவுதான். விருப்பத்துக்காகப் போன ஊர் ஒன்று அதில் வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

நிலையம் என்பது இந்தப் பட்டியலை நீட்டக்கூடிய ஒரு கருவி. அங்கே நேரம் எழுதிப் போட்டிருக்கும். ‘பத்து மணி வண்டிக்குப் போய் நாலு மணி வண்டிக்கு வந்துவிடுவேன்’ என்று வீட்டில் சொல்ல முடியும். அந்த வாக்கியத்துக்கு வீட்டில் மரியாதை உண்டு, ஏனென்றால் அதற்குப் பின்னால் சர்க்காரின் அட்டவணை இருக்கிறது. நடந்துபோகிறவளுக்கு அட்டவணை இல்லை. பொழுது சாய்ந்தால் அவளிடம் மட்டும் காரணம் கேட்பார்கள். நிலையம் மூடினால் தூரம் கூடுவதோடு நிற்பதில்லை, அனுமதியும் குறைகிறது.

ஏற்றிச்செல்வதும் போவதும்

இன்று ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போன ஊர். மண்டியிலிருந்து கூடை கூடையாகத் தக்காளி வெளி மாநிலங்களுக்கு லாரியில் போகிறது. பறித்துப் போடும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஓசூர்ப் பக்கம் 1970களில் தொடங்கிய சிப்காட்டும் அதன் பின்னே வந்த வாகன, கடிகார ஆலைகளும் இந்த வட்டாரத்தையே மாற்றிவிட்டன. இப்போது உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸின் ஆலை. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள்.

2022 செப்டம்பரில் ஜார்கண்ட் மாநிலத்தின் ஹட்டியா நிலையத்திலிருந்து ஒரு சிறப்பு ரயில் புறப்பட்டது. அதில் 800க்கும் மேற்பட்ட பெண்கள் இந்த ஆலையில் பயிற்சிக்கும் வேலைக்கும் ஓசூர் நோக்கி வந்தார்கள். பலர் பழங்குடிப் பெண்கள். மத்திய அமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். பழங்குடிப் பெண்ணுக்கு மாதச் சம்பளமும் சொந்த வங்கிக் கணக்கும் சிறிய விஷயமல்ல. அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணின் வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

ஆனால் நூறாண்டுக்கு முன் ராயக்கோட்டைக்கு வந்த பாதையின் கேள்வி இங்கேயும் நிற்கிறது. ரயில் அவளுக்காக வந்ததா, அவளைச் சரக்காக ஏற்றிச்செல்ல வந்ததா? ஆலை என்று பொதுவாகச் சொல்கிறேன்: விடுதியிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து விடுதிக்குப் பேருந்து கொண்டுபோய் விடுகிறது. பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் இறங்க நினைத்த இடத்தில் இறங்க முடியாத வண்டியில் போவதைப் பயணம் என்று நான் சொல்லமாட்டேன். ஷிஃப்ட் முடிந்து, தோழியோடு ரயிலேறி, பாலக்கோட்டுச் சந்தையைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப ஒரு பாசஞ்சர் வண்டி இருந்தால் அது பயணம். பல விரைவு வண்டிகள் ராயக்கோட்டையில் நிற்காமல் போகின்றன. நிலையம் உயிரோடு இருந்தும், அவற்றின் நேரத்தில் அது கைவிட்ட நிலையம்தான்.

இதற்கு நடுவே ஒன்று நடந்தது. 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தது. அதில் என்னை ஈர்ப்பது கட்டணம் இல்லை என்பது மட்டுமல்ல. ஒவ்வொரு பெண்ணுக்கும் நடத்துநர் ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். காசு இல்லாத சீட்டு. பெண்கள் எத்தனை முறை வீட்டைவிட்டு வெளியே போனார்கள் என்பது அரசின் கணக்கில் நாள்தோறும் ஏறியது அந்தச் சீட்டால்தான். தொகையைப் பார்த்து ‘ஓசி’ என்று கிண்டல் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஓசியில் நடந்ததை யாரும் கிண்டலாகக்கூடச் சொன்னதில்லை.

மொரப்பூர்–தருமபுரிப் பாதை மீண்டும் வருகிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் எழுகிறது. தொழில் வளரும், சரக்குப் போகும், பெங்களூர் கிட்ட வரும் என்ற காரணங்களைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சிறு நிலையத்திலும் நிற்கும் ஒரு வண்டி காலையிலும் ஒன்று மாலையிலும். நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விளக்கு. பூட்டியிருக்காத, தண்ணீர் வரும் கழிப்பறை. அதற்கு ஐம்பது மைல் காத்திருக்க முடியாது.